மரத்திலிருந்து இறங்க எந்தக் கருவி? கயிற்று டிசெண்டர் தேர்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரம் ஏறக் கற்றுக்கொள்பவர்கள் படி, கயிறு, பட்டை எல்லாவற்றையும் ஏறுவதை மனதில் வைத்தே வாங்குகிறார்கள். இறங்கும் கருவியின் முறை கடைசியில்தான் வருகிறது. யாரோ சொன்ன பெயரைக் கேட்டு, மிச்சமிருக்கும் காசில் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். ஏறும்போது உடம்பில் தெம்பு இருக்கும், வெளிச்சமும் இருக்கும். இறங்கும்போது பெரும்பாலும் இருட்டு, குளிர், களைப்பு. அந்த நேரத்தில் கைக்கு அடங்குகிற கருவியைத்தான் தேட வேண்டும். சேடிலில் அமர்ந்து வேட்டையாடுபவர்களும் கயிறு போட்டு மரம் ஏறுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டிசெண்டர் உண்மையில் என்ன செய்கிறது?

கயிற்றை வளைத்தும் நசுக்கியும் உராய்வை உண்டாக்குகிறது. அந்த உராய்வு உங்கள் எடையைத் தாங்கிக்கொண்டே மெல்ல இறங்க விடுகிறது. நீங்கள் இறங்கும் உயரத்தின் ஆற்றல் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகிறது. 80 கிலோ எடையுள்ளவர் 6 மீட்டர் இறங்கினால் சுமார் 4,700 ஜூல். இது அத்தனையும் 175 கிராம் அலுமினியத்துக்குள் போவதாக வைத்துக்கொண்டாலும் சூடு 30 டிகிரிதான் ஏறும். உண்மையில் கயிறும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதே ஆள் 30 மீட்டர் மரத்திலிருந்து ஒரே மூச்சில் இறங்கினால் அந்தக் கணக்கு 150 டிகிரிக்குப் போய்விடும். தாழ்வான மரத்துக்குப் போதுமான சின்னக் கருவி உயரமான மரத்துக்குப் போதாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேடில் வேட்டை என்கிறீர்களே, அது என்ன?

இடுப்பையும் பின்தொடையையும் தாங்கும் அகலமான பட்டைதான் சேடில். அதை மாட்டிக்கொண்டு, மரத்தண்டில் கட்டிய டெதர் கயிற்றில் சாய்ந்து, காலுக்கடியில் ஒரு சிறு மேடை வைத்துக் காத்திருப்பார்கள். அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்குப் போகும் வில்வேட்டைக்காரர்களிடையே நன்கு பரவிய முறை இது. பெரும்பாலும் 5 முதல் 8 மீட்டர் உயரம். மரம் வெட்டும், கிளை கழிக்கும் தொழிலாளர்கள் ஏறும் உயரம் இதைவிடப் பல மடங்கு. அவர்கள் கிளைக்குக் கிளை நடமாடவும் வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் ஒரே கருவியைச் சிபாரிசு செய்பவர்களை நான் நம்புவதில்லை.

ஏறிய படிகளிலேயே இறங்கிவிட்டால் என்ன?

இறங்கலாம், பலர் அப்படித்தான் இறங்குகிறார்கள். ஆனால் மேடையிலிருந்து முதல் படிக்குக் காலை மாற்றும் அந்த ஒரு நொடிதான் இருட்டில் மிகவும் தடுமாற்றமானது. ஒற்றைப் படியை மட்டும் கொண்டுபோய், அதையே மேலே மேலே நகர்த்தி ஏறுபவர்களுக்கோ இறங்கக் கயிறுதான் வழக்கமான வழி. அப்புறம் இன்னொன்று: படியோ மேடையோ நழுவி நீங்கள் டெதரில் தொங்கிவிட்டால், காலுக்குப் பிடிமானம் இல்லாமல் மேலே நகரவும் முடியாது, கீழே வரவும் முடியாது. அசையாமல் நீண்ட நேரம் பட்டையில் தொங்குவது உடம்புக்கு ஆபத்து, கால்களில் இரத்தம் தேங்கும். அதனால் படியில் இறங்கும் பழக்கம் உள்ளவரும் பையில் ஒரு டிசெண்டரும் தரையைத் தொடும் நீளத்துக்குக் கயிறும் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கருவியை வாங்குவதா, கயிற்றையா?

கயிற்றை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு டிசெண்டரும் குறிப்பிட்ட தடிமனுள்ள கயிற்றுக்காகச் செய்யப்பட்டது. 2019இல் வந்த, பெட்சல் நிறுவனத்தின் கிரிகிரி 8.5 முதல் 11 மி.மீ. வரை ஏற்கும். அதற்கு முந்தைய கிரிகிரி 2 ஏற்பது 8.9 முதல் 11 வரை. எடெல்ரிட் பிஞ்ச் 8.5 முதல் 10.5 வரை. தொழில்முறை வேலைக்கான பெட்சல் ஐடி எஸ் 10 முதல் 11.5 வரை, ரிக் 10.5 முதல் 11.5 வரை. மரத்தொழிலாளர்களின் ஜிக்ஜாக் 11.5 முதல் 13 வரை. இப்போது பாருங்கள்: சேடில்காரர்கள் எடை குறையட்டும் என்று 8, 9 மி.மீ. கயிறு வாங்குகிறார்கள். அந்த 8 மி.மீ. கயிறு மேலே சொன்ன எந்தக் கருவியிலும் பொருந்தாது. மாட்டினால் மாட்டும். கையால் இழுத்துப் பார்த்தால் பிடிக்கவும் செய்யும். முழு எடை விழும்போது வழுக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அச்சிட்ட எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது, அதன் நடுப்பகுதியில் இருப்பது நல்லது. கீழ் எல்லையை ஒட்டிய கயிறு புதிதாக, வழவழப்பாக இருந்தால் வேகமாக ஓடும். மேல் எல்லையை ஒட்டியது நாளானபின் உப்பி, கருவிக்குள் நகர மறுக்கும். 9 மி.மீ. என்று எழுதிய இரண்டு கயிறுகள் கையில் வேறு வேறாகத் தெரிவதும் உண்டு. ஒன்றின் பின்னல் இறுக்கமாக இருக்கும், இன்னொன்று நசுங்கும். நசுங்கும் கயிறு கருவிக்குள் இன்னும் மெலிந்துவிடும்.

பொருளையும் பாருங்கள். டைனீமா போன்ற உயர் வலிமை பாலிஎத்திலீன் இழை எடை குறைவு, வலிமை அதிகம், ஆனால் வழுக்கும். அது 150 டிகிரிக்குள் உருகியும் விடும். பாலியெஸ்டர் உருகுவது 250 டிகிரி அளவில்தான். அராமிட் உருகுவதே இல்லை, மிக அதிகச் சூட்டில்தான் கருகும். இறங்கும் கயிறு நைலான் அல்லது பாலியெஸ்டர் மேலுறை கொண்டதாகவும், உள்ளிழையும் மேலுறையும் ஒன்றின்மேல் ஒன்று நகராததாகவும் இருக்கட்டும். உள்ளீடற்ற 12 புரிக் கயிறு பிணைக்கும் வேலைகளுக்கு நல்லது, கேம் (கயிற்றை அழுத்திப் பிடிக்கும் சுழல் உறுப்பு) உள்ள கருவிகளில் அதை மாட்டவே கூடாது.

குறைவாக நீளும் கயிறுகளுக்கு ஐரோப்பாவில் இஎன் 1891 தரம் இருக்கிறது. அதில் ஏ வகை குறைந்தது 22 கிலோநியூட்டனும், முனையில் முடிச்சோடு 15 கிலோநியூட்டனும் தாங்க வேண்டும். 100 கிலோ ஆள் சும்மா தொங்கினால் 1 கிலோநியூட்டன்தான். அப்புறம் எதற்கு இவ்வளவு? கயிறு தேயும், மடங்கும், அதிரும், கூர்மையான மரப்பட்டையில் உரசும். அதற்கெல்லாம் இந்த மிச்ச வலிமை வேண்டும்.

எட்டு வடிவ வளையம் மலிவு, உடையாது, எடையும் இல்லை. அது போதாதா?

அது உண்மையிலேயே நல்ல கருவி. அசையும் பாகம் ஏதுமில்லை, சேறும் பனியும் அதைத் தடுக்காது. குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: கையை விட்டால் நீங்கள் விழுவீர்கள். மரத்தில் கையை விட வேண்டிய வேலை நிறைய. படியை அவிழ்க்க வேண்டும், மேடையை மடிக்க வேண்டும், கிளையை விலக்க வேண்டும். எட்டு வளையத்தைப் பயன்படுத்துவதானால் அதற்குக் கீழே பிரேக் கயிற்றில் (நீங்கள் கையால் பிடிக்கும் பக்கம்) ஒரு உராய்வு முடிச்சைச் சுற்றி, அதைச் சேடிலோடு இணைத்தே தீர வேண்டும். கை விட்டாலும் அந்த முடிச்சு பிடித்துக்கொள்ளும். வளையம் கயிற்றை முறுக்கிவிடுவதும் உண்டு, நாலைந்து முறை இறங்கினால் கயிறு சுருண்டு தொல்லை தரும். காரபினரில் (திறந்து மூடும் உலோக வளையம்) போடும் முன்டர் முடிச்சும் இப்படித்தான் முறுக்கும். கருவி கைதவறி விழுந்தால் ஒரு காரபினரை மட்டும் வைத்துக்கொண்டு இறங்க அது கைகொடுக்கும் என்பதால், அதை மட்டும் அவசியம் கற்றுக்கொள்ளுங்கள்.

கிரிகிரி மாதிரி கேம் உள்ள கருவிகள் தானாகப் பிடித்துக்கொள்ளும்தானே?

பெரும்பாலான நேரங்களில் பிடிக்கும். 1991இல் கிரிகிரி வந்ததிலிருந்து இந்த வகையின் அடிப்படை மாறவில்லை: எடை விழுந்ததும் உள்ளே இருக்கும் கேம் சுழன்று கயிற்றைச் சுவரோடு அழுத்துகிறது, கைப்பிடியை இழுத்தால் அழுத்தம் தளர்கிறது. ஆனால் இவற்றுக்கான இஎன் 15151-1 தரமே இவற்றைக் கையால் உதவப்படும் பூட்டுக் கருவிகள் என்றுதான் வகைப்படுத்துகிறது. அதாவது பிரேக் கயிற்றில் உங்கள் கை இருக்க வேண்டும் என்பது விதி.

மூன்று சந்தர்ப்பங்களில் கேம் ஏமாற்றும். முதலாவது, கயிற்றைத் தலைகீழாக மாட்டுவது. நான் ஒருமுறை பயிற்சியின்போது இதைச் செய்தேன். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்தான், பின்னால் சாய்ந்ததும் நேராக மண்ணில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து மரத்துப் பக்கம் போகும் கயிற்றை ஒருமுறை வெடுக்கென்று இழுத்து, கருவி பிடிக்கிறதா என்று பார்க்காமல் டெதரைத் தொடுவதே இல்லை. இரண்டாவது, கேம் அல்லது கைப்பிடி மரத்தண்டில் அழுந்துவது. பாறையைவிட மரத்தில் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் சேடிலில் நீங்கள் தண்டுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். இறங்கும்போது உடம்பைத் தள்ளிப் பிடிக்கவும், கைப்பிடி மரத்தின் எதிர்ப்பக்கம் வரும்படி மாட்டவும் பழகுங்கள். மூன்றாவது, பயம். வேகம் கூடினால் மனிதக் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், கையில் இருப்பதோ பிரேக்கை விடுவிக்கும் பிடி!

அந்தப் பயத்துக்கு ஏதாவது பாதுகாப்பு உண்டா?

உண்டு. கிரிகிரி பிளஸ், ஐடி எஸ் இரண்டிலும் கைப்பிடியை எல்லை மீறி இழுத்தால் கருவி மறுபடி பூட்டிக்கொள்ளும். சாதாரண கிரிகிரியில் இந்த வசதி கிடையாது. அனுபவசாலிகள் சிலருக்கு இது பிடிப்பதில்லை, சீராக இறங்கும்போது அடிக்கடி நின்றுவிடுகிறது என்பார்கள். முதல் கருவி வாங்குபவருக்கு அந்த எரிச்சல் ஒரு குறையே அல்ல என்பேன்.

எடையையும் பாருங்கள்: கிரிகிரி 175 கிராம், கிரிகிரி பிளஸ் 200, ரிக் 400, ஐடி எஸ் 600. காட்டுக்குள் நீண்ட தூரம் நடப்பவருக்கு 600 கிராம் கனக்கத்தான் செய்யும். ஆனால் முதல் இரண்டுக்கும் இடையே வெறும் 25 கிராம் வித்தியாசம். அதற்காக அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மேட்ராக் சேஃப்கார்டு ஏன் சேடில்காரர்களிடையே இவ்வளவு பிரபலம்?

சின்னது, எடை குறைவு, தளர்ந்த கயிற்றை ஒரு கையால் இழுத்துவிடலாம். டெதரிலேயே நிரந்தரமாக மாட்டிவைத்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கவும், அப்புறம் அதே கருவியில் இறங்கவும் பலர் வைத்திருக்கிறார்கள். கைப்பிடியும் சின்னது என்பதால், தடித்த கையுறை போடுபவர்கள் கடையில் கையுறையோடு ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரோப்மேன், டக் போன்ற, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் சின்னக் கருவிகளில் இறங்கலாமா?

கூடாது. அவை கயிற்றின் நீளத்தைச் சரிசெய்யவும் ஏறவும் ஆனவை. எடை விழுந்தபின் அவற்றைச் சீராகத் தளர்த்த முடியாது. வலிந்து தளர்த்தினால் மேலுறை சேதமாகலாம்.

வெறும் உராய்வு முடிச்சிலேயே இறங்குகிறார்களே, எப்படி?

கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் அறிமுகப்படுத்திய முடிச்சின் வம்சம்தான் இதெல்லாம். மரத்தொழிலாளர்கள் பிளேக், டிஸ்டல், வால்டோட்டன் என்று பல வடிவங்களை வைத்திருக்கிறார்கள். இங்கே புரிந்துகொள்ள வேண்டியது கயிறு நகர்கிறதா, நிற்கிறதா என்பது. கயிறு கிளைக்கு மேலே போய்த் திரும்பி, நீங்கள் ஏற ஏற நகரும் முறையில் உங்கள் எடை இரண்டு இழைகளில் பங்காகிறது. முடிச்சின்மேல் ஏறக்குறைய பாதிதான். அதனால் அது சுலபமாகத் தளரும், சுலபமாகப் பிடிக்கும். கயிறு ஒரே இடத்தில் நிற்க, அந்த ஒற்றை இழையில் இறங்கினால் முழு எடையும் முடிச்சில். அது இறுகிவிடும், தளர்த்த முயன்றால் திடீரென்று ஓடிச் சூடாகும். இதற்காகத்தான் முடிச்சுக்கு மேலே கயிற்றைக் கொஞ்சம் வளைத்து எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் ரோப் ரென்ச் வந்தது. உராய்வு முடிச்சின் வேலையை உலோகத்தில் செய்யும் ஜிக்ஜாக்கை ஒற்றைக் கயிற்றில் பயன்படுத்தும்போது அதோடு சிகேன் என்ற துணைக்கருவியைச் சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

கிளைகளுக்கிடையே நடமாட விரும்புபவர்கள் முதலில் முடிச்சில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு துண்டுக் கயிறு போதும், செலவு குறைவு, உராய்வு எப்படி வேலை செய்கிறது என்பது விரல்களுக்குப் புரியும். ஜிக்ஜாக் சொகுசானது, அதற்குப் பின்னால் வரட்டும். முடிச்சுக்கு எடுக்கும் துண்டுக் கயிறு மட்டும் சூடு தாங்கும் அராமிட் கலந்ததாக இருக்கட்டும்.

தர முத்திரைகளில் எதைப் பார்க்க வேண்டும்?

இஎன் 15151 விளையாட்டு ஏற்றத்துக்கு, இஎன் 12841 சி கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்களுக்கு, இஎன் 341 மீட்புப் பணிக்கு. சம்பளத்துக்கு மரம் ஏறுபவர் என்றால் உங்கள் நாட்டின் தொழில்விதி எதைக் கேட்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் மரப் பணிகளுக்கான விதித்தொகுப்பு ஆன்சி இசட்133. முத்திரையே இல்லாத, தயாரிப்பாளர் பெயர் தெரியாத, கிரிகிரி போலவே தோற்றமளிக்கும் உலோகத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

காரபினர் எதுவானாலும் சரியா?

இல்லை. பூட்டக்கூடியது வேண்டும். முடிந்தால் மூன்று அசைவில் திறப்பது. பொதுவாக ஒரு காரபினர் நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கும், குறுக்குவாக்கில் 7 அல்லது அதைச் சற்று ஒட்டித்தான். சேடிலின் முன்னால் இரு பக்கத்தையும் இணைக்கும் பிரிட்ஜ் கயிற்றில் காரபினர் புரண்டு குறுக்கே நிற்பது சகஜம், எடை போடுமுன் ஒருமுறை பாருங்கள்.

கயிறு எவ்வளவு நீளம்?

கீழே ஒரு முனையும் மேலே கண்ணியுமாக ஒற்றைக் கயிற்றில் இறங்குவதானால்: நீங்கள் ஏறியிருக்கும் உயரம், தண்டைச் சுற்றும் அளவு, தரையில் குறைந்தது ஒரு மீட்டர் மிச்சம். 7 மீட்டர் உயரத்துக்கு 10 மீட்டர் கயிறு சரியாக வரும். கீழே வந்தபின் கயிற்றை இறக்க, கண்ணிப் பக்கத்தில் கட்டிய மெல்லிய இழுப்புக் கயிறு தனியே வேண்டும். அது முக்கியக் கயிற்றிலிருந்து தடிமனிலும் நிறத்திலும் நன்றாக மாறுபட்டிருக்கட்டும். இருட்டில் தவறான கயிற்றைக் கருவியில் மாட்டினால் கண்ணியே பிரிந்து வரும். எந்த முறையானாலும் கீழ் முனையில் ஒரு பெரிய முடிச்சு. கயிறு தீர்ந்துபோய் அதன் முனையைத் தாண்டி வழுக்கி விழுவது, இறங்கும்போது நடக்கும் மிகப் பழைய விபத்துகளில் ஒன்று. இந்த ஒரு முடிச்சு அதைத் தடுத்துவிடும்.

கயிற்றைக் கிளைக்கு மேலே போட்டு மரத்தின் அடியில் கட்டி இறங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்தக் கிளைமீது உங்கள் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விழும்.

மழையிலும் பனியிலும் இவை வேலை செய்யுமா?

நனைந்த கயிறு சில கருவிகளில் வேகமாக ஓடும், உறைந்த கயிறு எல்லாவற்றிலும் முரண்டு பிடிக்கும். பனிப்படலம் மூடிய மெல்லிய கயிற்றில் கேம் வழுக்கலாம். அந்த நாட்களில் கீழே ஒரு உராய்வு முடிச்சைச் சேர்க்காமல் இறங்காதீர்கள்.

டெதரிலிருந்து டிசெண்டருக்கு மாறும்போது என்ன வரிசை?

இறங்கும் கயிற்றைக் கட்டுங்கள். கருவியை மாட்டுங்கள், காரபினரைப் பூட்டுங்கள், வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டெதர் இன்னும் மாட்டியிருக்கும்போதே உட்கார்ந்து முழு எடையையும் கருவிக்குக் கொடுங்கள். டெதர் தளர்ந்து தொங்குவதைக் கண்ணால் பார்த்தபின்தான் அதைக் கழற்ற வேண்டும். இதைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், கையுறையோடு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு செய்து பழகுங்கள். கை தானாக அந்த வரிசையில் போகும்வரை உயரம் ஏற வேண்டாம்.

பழைய கருவியை இன்னொருவரிடம் வாங்கலாமா?

கயிறும் பட்டையும் வேண்டவே வேண்டாம். அவற்றின் கடந்த காலம் வெளியே தெரியாது. பெட்சல் தன் துணிப் பொருட்களுக்கு உபயோகிக்காவிட்டாலும் 10 ஆண்டுதான் ஆயுள் சொல்கிறது. உலோகக் கருவிக்கு அப்படிக் காலக்கெடு இல்லை, ஆனால் கயிறு ஓடிய பள்ளத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். கூரான விளிம்பு தட்டுப்பட்டால் அது உங்கள் கயிற்றை வெட்டும். கேம் தடையின்றிச் சுழன்று திரும்புகிறதா, கைப்பிடி ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா, வரிசை எண் அழியாமல் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் திரும்பப் பெறும் அறிவிப்புகளோடு ஒப்பிடவும் வேண்டும். 2013இல் பெட்சல் தன் முதல் ஜிக்ஜாக் கருவிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது. அப்படிப்பட்ட ஒன்று யாருடைய பெட்டியிலாவது இன்னும் கிடக்கலாம்.